ஓட்டுபவருக்கு ஒன்று, பார்ப்பவருக்கு ஒன்று: கல்பிட்டிக் கைட்டும் ஃபோர்முலா வன் காரும்

சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கல்பிட்டியின் ஞாயிறு மாலைக்கு ஒரு பொருத்தம் அமைந்துவிடுகிறது. ஐரோப்பாவில் நடக்கும் ஃபோர்முலா வன் பந்தயங்கள் பெரும்பாலும் அங்கே பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும். நமக்கு அது மாலை 6.30. கண்டக்குழி, குடாவப் பக்கம் களப்பின் மேல் ஆட்களைப் பலகையில் இழுத்துப் பறந்துகொண்டிருந்த கைட்டுகள் ஒவ்வொன்றாக மணலுக்கு இறங்குவதும் அந்த நேரத்தில்தான். காற்று மிச்சமிருந்தாலும் வெளிச்சம் போய்விடும். வேகத்தை நம்பி நிற்கும் இரண்டு விளையாட்டுகளை, ஒன்றைக் கண்ணால் நேரிலும் மற்றதைத் திரையிலும், ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைக்கும் ஊர்கள் இலங்கையில் அதிகம் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததற்குக் காரணம் ஒரு முரண். கைட் கண்ணுக்கு விருந்து. நீல நீர், நிறம் நிறமான துணி, பத்து மீற்றர் உயரத்துக்கு எம்பித் திரும்பும் மனிதர். ஆனாலும் கரையில் நிற்பவருக்குக் கால் மணி நேரத்தில் சலித்துவிடும். ஃபோர்முலா வன் அப்படியல்ல. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஒரே பாதையில் கார்கள் சுற்றுகின்றன. ஓட்டுபவரின் முகம் தெரியாது, தலைக்கவசம் மட்டுமே தெரியும். முந்துதலே நடக்காத பந்தயங்களும் உண்டு. இருந்தும் பார்க்கப் பழகியவர் எழுந்திருப்பதில்லை; இரவு சாப்பாடு ஆறிப்போகிறது. அழகானது சலிக்கிறது, சலிக்க வேண்டியது கட்டிப்போடுகிறது. ஏன்?

வேகத்தைக் காரணமாகச் சொன்னால் பாதிதான் உண்மை. 2016ல் மெக்சிக்கோப் பந்தயத்தில் வால்தெரி பொத்தாஸின் கார் மணிக்கு 372 கிலோமீற்றரைத் தாண்டியது. கைட்டில் நீர் மேல் எட்டப்பட்ட பெரிய வேகங்களில் ஒன்று, 2017ல் பிரான்ஸின் அலெக்ஸ் கெய்ஸர்க் தொட்ட 57.97 நொட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 107 கிலோமீற்றர். மூன்றரை மடங்கு வித்தியாசம். ஆனால் திரையில் பார்ப்பவருக்கு 372ம் 300ம் ஒன்றுதான். கமரா காருடனேயே திரும்புவதால் வேகத்தில் பாதியை அது தின்றுவிடுகிறது. புத்தளம் வீதியில் நம் முழங்கையை உரசிப் போகும் தனியார் பஸ் தரும் பயம்கூட அந்தத் திரையிலிருந்து வராது.

இரண்டுக்கும் பொதுவான பொருள் இறக்கை. மணலில் விரித்த கைட்டைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்: முன்விளிம்பு முழுக்க ஒரு தடித்த குழாய், அதற்குக் கைப்பம்பால் காற்றடிக்கிறார்கள். குழாய் விறைத்ததும் துணி பிறை வடிவம் எடுக்கிறது. பட்டம் போல் பறக்க அதில் ஓர் இழுவை வந்துவிடுகிறது. உதவிக்கு நிற்பவர் காற்றுக்குப் பக்கவாட்டாக அதைப் பிடித்துக்கொள்ள, இருபது மீற்றருக்கு மேல் நீண்ட நூல்களின் மறுமுனையில் நிற்பவர் கட்டைவிரலை உயர்த்த, பிடி விடப்படுகிறது. அடுத்த நொடியில் 9 சதுர மீற்றர் துணி ஒன்று ஆளைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகிறது. காற்றடித்து விறைப்பாக்கும் இந்தக் கைட்டுக்கு 1984ல் காப்புரிமை எடுத்தவர்கள் புரூனோ, டொமினிக் லெகெனு என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள். தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காமல் மிதக்க வேண்டும், மீண்டும் எழ வேண்டும் என்பதுதான் அவர்கள் தீர்த்த சிக்கல்.

ஃபோர்முலா வன் காரின் முன்னும் பின்னும் இருப்பதும் இதே இறக்கைதான், தலைகீழாகத் திருப்பி வைத்தது. கைட்டின் இறக்கை தூக்குகிறது, காரின் இறக்கை அமுக்குகிறது. 1970களின் இறுதியில் லோட்டஸ் நிறுவனம் காரின் அடிவயிற்றையே இறக்கையாக்கி நிலத்தோடு உறிஞ்ச வைத்தது. இன்றைய கார்களில் அதிவேகத்தில் உருவாகும் அமுக்கம் காரின் எடையையே மிஞ்சும். அதனால்தான் சாதாரணக் கார் பறந்து வெளியே விழும் வளைவில் இது ஒட்டிக்கொண்டு போகிறது. வளைவிலும் பிரேக்கிலும் ஓட்டுபவரின் உடல் தன் எடையைப் போல் ஐந்து மடங்கு வரை சுமக்கிறது. தலையும் கவசமும் சேர்ந்து ஆறேழு கிலோ என்றால் கழுத்து தாங்குவது முப்பதுக்கு மேல். சிங்கப்பூர் போன்ற புழுக்கமான ஊரில் ஓடி முடிப்பவர் வியர்வையாகவே இரண்டு மூன்று கிலோ இழந்திருப்பார்.

இந்தப் பாரம் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை என்பதுதான் விடயம். கைட் ஓட்டுபவரின் உடலை நாம் முழுக்கப் பார்க்கிறோம். முதுகு வளைவது, முழங்கால் மடிவது, கைப்பிடியைத் தள்ளி இழுவையைக் குறைப்பது, தவறினால் தண்ணீரில் மூக்குக் குப்புற விழுவது, எல்லாம் வெளிப்படை. களப்பில் பாய் கட்டி ஓடிய பழைய மீனவருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. பாயை எப்போது இறுக்க வேண்டும், எப்போது தளர்த்த வேண்டும் என்று அவர் கை அறியும். கைட்டில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அதனால் பார்த்து முடிப்பதற்கும் அதிக நேரம் ஆவதில்லை.

ஃபோர்முலா வன்னில் முக்கியமான எல்லாமே ஒளிந்திருக்கிறது. டயர் எவ்வளவு தேய்ந்தது, இயந்திரத்தில் என்ன கோளாறு, வானொலியில் சொன்னது உண்மையா எதிரணியை ஏமாற்றச் சொன்னதா, அடுத்த வளைவில் மழை விழுகிறதா. பார்ப்பவர் இவற்றை ஊகிக்க வேண்டும். ஊகித்தது ஒரு சுற்றில் சரியாகும், மறு சுற்றில் பொய்க்கும். “சும்மா வட்டம் வட்டமாச் சுத்துறதுல என்ன இருக்கு?” என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: அங்கே பார்க்க அதிகம் இல்லை, கணக்குப் போடத்தான் நிறைய இருக்கிறது. கார்கள் சுற்றுவது அந்தக் கணக்குக்கான கரும்பலகை.

டயரை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த பந்தயத்தில் குறைந்தது இரண்டு வகை டயர் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. மென்மையானது வேகம் தரும், சீக்கிரம் தேயும். கடினமானது நின்று பிடிக்கும், ஆனால் மெதுவானது. மாற்றுவதற்கு நிற்கும் நேரம் அற்பம். 2023 கட்டாரில் மெக்லாரன் அணி நான்கு சில்லையும் 1.80 வினாடியில் மாற்றியது. ஆனால் வேகம் குறைத்து அணிகளின் தரிப்பிடப் பாதைக்குள் வந்து, வரம்பு வேகத்தில் ஊர்ந்து வெளியேறுவதையும் சேர்த்தால் இருபது வினாடியளவு போய்விடும். அந்த இருபது வினாடியை எப்போது செலவழிப்பது என்பதில்தான் சூதாட்டம். முன்னால் போகிறவரை நேருக்கு நேர் முந்த முடியவில்லை என்றால் அவருக்கு ஒரு சுற்று முன்னதாக உள்ளே போய்ப் புது டயர் போட்டுக்கொள்ளலாம். அவர் பழைய டயரில் தடுமாறும் அந்த ஒரு சுற்றில் ஒன்றிரண்டு வினாடி வெட்டி எடுத்தால், அவர் நின்று வெளியே வரும்போது நீங்கள் முன்னால் இருப்பீர்கள். யாரும் யாரையும் பாதையில் முந்தவில்லை. ஆனாலும் முந்தல் நடந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர் அதை மூன்று சுற்றுக்கு முன்பே எதிர்பார்த்திருந்தால் அந்த மகிழ்ச்சி தனி.

இதன் உச்சம் 1998 ஓகஸ்டில் ஹங்கேரியில் நடந்தது. புடாபெஸ்டுக்கு வெளியே உள்ள அந்தப் பாதை குறுகலானது, முந்துவதற்கு இடம் தராதது. முன் வரிசையில் இரண்டு மெக்லாரன்கள். மூன்றாவதாகத் தொடங்கிய மைக்கேல் ஷூமாக்கருக்கு அவற்றின் பின்னாலேயே ஓடி மூன்றாவதாக முடிப்பதைத் தவிர வழி இருக்கவில்லை. எரிபொருள் நிரப்ப அனுமதி இருந்த காலம் அது. ஃபெராரி அணியின் ரொஸ் பிரோன் மற்றவர்கள் இரண்டு முறை நிற்க, தன் ஆளை மூன்று முறை நிறுத்துவது என்று பந்தயத்தின் நடுவில் முடிவெடுத்தார். எடை குறைந்த கார், புது டயர், வெறும் பாதை. பதிலுக்கு அவர் கேட்டது 19 சுற்றில் 25 வினாடி ஆதாயம். ஒவ்வொரு சுற்றையும் தகுதிச் சுற்றைப் போல், பிழைக்கு இடமே விடாமல் ஓட்ட வேண்டும். ஷூமாக்கர் நடுவில் ஒருமுறை பாதையை விட்டு வெளியேயும் போய் வந்தார். ஆனாலும் கேட்டது கிடைத்தது, வென்றார். அந்தச் சுற்றுகளில் திரையில் தெரிந்தது என்னவென்றால், தனியாக ஓடும் ஒரு சிவப்புக் கார், ஓரத்தில் மாறும் ஓர் எண். அவ்வளவுதான். அந்த எண்ணைப் பார்த்து இருக்கை நுனிக்கு வந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

கைட்டிலும் இப்படியான தேர்வு இருக்கிறது. 20 நொட் காற்றுக்கு 9 சதுர மீற்றரா, 12ஆ? பெரியதை எடுத்தால் காற்று ஏறும்போது கட்டுக்கு அடங்காது, சிறியதை எடுத்தால் காற்று விழும்போது களப்பின் நடுவில் நிற்க வேண்டி வரும். மதியத்துக்குப் பிறகு காற்று ஏறும் என்பதை அனுபவசாலி அறிவார். ஆனால் இந்தத் தேர்வின் விளைவு அவரோடு முடிகிறது. கரையில் நிற்பவருக்கு அவர் எதை எடுத்தார், சரியா பிழையா என்பதில் பங்கு இல்லை. எதிராளி இல்லாத இடத்தில் தேர்வு வெறும் வசதியாகிவிடுகிறது. ஒருவர் அதே முடிவை வேறு மாதிரி எடுத்து எதிரே ஓடினால்தான் அது கதையாகும்.

அந்த எதிராளியை உண்டாக்கும் முயற்சியும் நடந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் கைட் பந்தயம் சேர்க்கப்பட்டது. மார்செய் துறைமுக நகரில், தண்ணீருக்கு மேல் பலகை எழுந்து மிதக்கும் நீர்ச்சிறகு பொருத்திய வகையில், மிதவைகளைச் சுற்றி ஓட்டம். அவர்கள் காற்றின் வேகத்தையே மிஞ்சி ஓடுவார்கள். தாங்கள் ஓடுவதால் உண்டாகும் காற்றும் இறக்கையில் சேர்ந்துகொள்ளும் என்பதால் அது முடிகிறது. ஒஸ்திரியாவின் வலன்ரின் பொன்டுஸ், பிரித்தானியாவின் எலி ஓல்ட்ரிஜ் தங்கம் வென்றார்கள். 17 வயதான மக்ஸ் மேடர் ஓகஸ்ட் 9ல், சிங்கப்பூரின் தேசிய நாளன்று, அந்நாட்டுக்கு வெண்கலம் கொண்டுவந்தார். சிங்கப்பூரின் நிலைமையைப் பாருங்கள். 2008லிருந்து ஃபோர்முலா வன்னின் முதல் இரவுப் பந்தயத்தை நடத்தும் நாடு, ஓட்டுநர் என்று ஒருவரையும் அதற்குத் தரவில்லை. கைட்டில் பதக்கமே வந்துவிட்டது. ஆனால் அந்த நகரின் வீதிகளை வருடாவருடம் அடைத்து, மின்விளக்குப் போட்டு, உலகைக் கூட்டுவது கார்தான்.

மார்செய்யில் இன்னொன்றும் தெரிந்தது. காற்று வராததால் ஓட்டங்கள் காத்திருந்தன, தள்ளிப்போயின. கல்பிட்டியில் காற்று வரும்வரை படுத்திருப்பவருக்கு அது விளையாட்டின் பாதி. தொலைக்காட்சிக்கு முன் இருப்பவருக்கு அது வெற்றுத் திரை. மோட்டார் பந்தயம் காற்றைத் தன் இயந்திரத்தாலேயே உண்டாக்கிக்கொள்கிறது. 6.30 என்றால் 6.30. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் உட்கார வைக்க அந்த நிச்சயம் தேவைப்படுகிறது.

பகையும் தேவைப்படுகிறது, பகையை நினைவில் வைத்திருக்கும் கூட்டமும் தேவைப்படுகிறது. 1997ல் ஸ்பெயினின் ஹெரெஸ் பாதையில் தகுதிச் சுற்றில் வில்நேவ், ஷூமாக்கர், ஃபிரென்ட்ஸன் மூவரும் எடுத்த நேரம் ஒன்றேதான்: 1 நிமிடம் 21.072 வினாடி. ஆயிரத்தில் ஒரு பங்கு கூட வித்தியாசம் இல்லை. முதலில் எடுத்தவர் என்பதால் வில்நேவுக்கு முதலிடம். மறுநாள் பட்டத்துக்கான பந்தயத்தில் ஷூமாக்கர் அவர் காரில் மோதி, அந்த வருடச் சுற்றுப்போட்டி நிரலிலிருந்தே நீக்கப்பட்டார். 2008ல் பிரேசிலில் ஃபெலிப்பே மாஸா தன் ஊர்க்காரர் முன் வென்று கோட்டைத் தாண்டியபோது உலக சம்பியன் அவர்தான். அவர் அணியின் தரிப்பிடத்தில் கொண்டாட்டம் தொடங்கியது. சுமார் 40 வினாடி கழித்து, மழையில் உலர் டயரோடு வழுக்கிக்கொண்டிருந்த ரிமோ குளொக்கைக் கடைசி வளைவுக்குள் முந்தி ஐந்தாவதாக வந்த லூயிஸ் ஹமில்டன் ஒரே ஒரு புள்ளியால் பட்டத்தை எடுத்துக்கொண்டார். 2021 டிசம்பர் 12ல் அபுதாபியில், சமமான புள்ளிகளோடு வந்த ஹமில்டனும் வெர்ஸ்டப்பனும் கடைசிச் சுற்றில் பட்டத்துக்காகப் போட்டியிட்டார்கள். பாதுகாப்புக் கார் பற்றி அன்று பந்தய இயக்குநர் எடுத்த முடிவு சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அவர் பதவியிலிருந்து மாற்றப்பட்டும் ஓயவில்லை. வெர்ஸ்டப்பன் அன்று நேர்மையாக வென்றாரா என்று எந்தத் தேநீர்க் கடையிலாவது ஆரம்பித்துப் பாருங்கள், கேக் துண்டு காய்ந்து போகும்வரை முடியாது.

கைட்டுக்கு இப்படிச் சண்டை போட ஒரு பழங்கணக்கு கிடையாது. அதற்குள் இருப்பவர்களுக்கு அது பெருமை. எனக்கு அது ஒரு வறுமையாகவே படுகிறது.

ஃபோர்முலா வன்னுக்கு எதிரான பெரிய குற்றச்சாட்டு: வெல்வது காரா, ஆளா? நல்ல கார் இல்லாத மேதை பதினைந்தாவதாக வருவார். இதற்கு நம்மவர் ஒருவரே சாட்சி. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஜோர்டன் அணிக்காக ஓடி, ஃபோர்முலா வன்னில் ஓடிய முதல் இந்தியரானார். சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் பார்த்து வளர்ந்த தென்னிந்தியாவின் நீண்ட மோட்டார் மோகத்தின் விளைச்சல் அவர். தந்தையும் ரலி ஓட்டுநர். அந்த வருடம் ஜூன் 19ல் இண்டியனாபொலிஸில் மிஷெலின் டயர்கள் அந்தப் பாதையைத் தாங்காது என்று தெரிந்து, அந்த டயர் பொருத்திய 14 கார்களும் பந்தயம் தொடங்கும் முன்பே ஒதுங்கின. மிஞ்சியது ஆறு கார். கார்த்திகேயன் நான்காவதாக வந்தார், 5 புள்ளி. அவருக்கு ஃபோர்முலா வன்னில் கிடைத்த புள்ளிகள் அவை மட்டுமே. அரங்கில் இருந்தவர்கள் ஆத்திரத்தில் போத்தல் எறிந்தார்கள். அதைக் கேலியாகச் சொல்பவர்கள் உண்டு. கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பலவீனமான காரில், உலகின் இருபது இருக்கைகளில் ஒன்றில், தமிழ் பேசும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் ஓடுபவரின் பந்தயம் தன் அணித் தோழரோடு மட்டும்தான், ஏனென்றால் அவருக்கு மட்டும்தான் அதே கார் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவருக்கு முதல் வரிசையைவிடக் கடைசி வரிசை சுவையாகிவிடும்.

அநீதி இந்த விளையாட்டின் குறை என்று சொல்வார்கள். அதுவே அதன் சரக்கு என்பேன். சமமான களத்தில் யார் சிறந்தவர் என்று பார்க்க ஓட்டப்பந்தயம் இருக்கிறது. இது கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்கும் விளையாட்டு. நம் ஊர்களில் அந்தக் கேள்வி யாருக்கும் புதிதல்ல.

கைட்டில் சமம் இருக்கிறதா என்றால், தண்ணீரில் இறங்கியபின் இருக்கிறது, இறங்கும் முன் இல்லை. கைட், பலகை, கைப்பிடி, இடுப்புப் பட்டி என்று முழுத் தொகுதியின் விலை ஒரு மீனவக் குடும்பம் யோசித்தும் பார்க்காத தொகை. கல்பிட்டியில் பொடியன்மார் இதற்குள் வந்தது வேறு வழியால். கைட் பிடித்துக் கொடுக்கும் உதவியாளராக நின்று, வெளிநாட்டவர் விட்டுப்போன பழைய துணியில் பழகி, பிறகு பயிற்றுநரானவர்கள் இருக்கிறார்கள். கார் பந்தயத்தில் இப்படி நுழைய முடியாது. சிறு வயதில் கார்ட் ஓட்டவே பெருந்தொகை வேண்டும். கோடிகளைக் கொட்டினாலும் இருபது சொச்சம் இருக்கைதான். இந்த ஒரு விடயத்தில் கைட் மறுப்பின்றி மேல்.

ஆனால் அந்தக் காற்றுக்கு வேறு உரிமையாளர்களும் இருக்கிறார்கள். சோளகம் இறங்கினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். சிறு ஃபைபர் படகுகள் கரையேறும், சிலர் கிழக்குக் கரைக்கு வாடியடிக்கப் போவார்கள், களப்புக்குள் வலை போடுபவர்கள் மட்டும் தொடர்வார்கள். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு நானா சொன்னார்: “காத்து வந்தா எங்களுக்கு லீவு, அவங்களுக்கு சீசன்.” அவர் குரலில் கோபம் இல்லை, கணக்கு இருந்தது. சுற்றுலாத் திட்டங்களுக்காகக் கல்பிட்டியில் காணி எடுத்தபோது மீனவர் எதிர்த்ததும், களப்பில் வலையும் கைட்டும் ஒரே நீரைப் பங்குபோட வேண்டியிருப்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை. தெற்கே மாம்புரியில் அதே காற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன, அதற்கு எட்டும் தூரத்தில் நுரைச்சோலையின் நிலக்கரிப் புகைபோக்கி நிற்கிறது. ஃபோர்முலா வன்னைச் சூழல் கேடு என்று திட்டும்போது கைட்டைத் தூய்மையின் வடிவமாகக் காட்டுவது வழக்கம். கைட் ஓட்டுபவர் ஐரோப்பாவிலிருந்து விமானத்தில்தான் வருகிறார் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

இனி, யாரும் ஒத்துக்கொள்ள விரும்பாத ஈர்ப்பு: ஆபத்து. 1994 ஏப்ரல் 30, மே 1, இத்தாலியின் இமோலா. அடுத்தடுத்த நாள்களில் ரோலண்ட் ரட்சென்பெர்கரும் அயர்ட்டன் செனாவும் இறந்தார்கள். செனாவின் விபத்து நேரலையில் போனது. அதன் பிறகு பாதைகள் மாறின, கார்கள் மாறின. 2018ல் தலைக்கு மேல் வளையக் கவசம் கட்டாயமானது. கார் அசிங்கமாகிவிட்டது என்று அப்போது முணுமுணுத்தவர்கள், 2020 நவம்பரில் பஹ்ரேனில் ரொமெய்ன் குரோஜான் இரும்பு வேலியைப் பிளந்து, தீப்பிழம்புக்குள்ளிருந்து கால்நடையாக வெளியே வந்ததைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டார்கள். மரணத்தைப் பார்க்கவா போகிறோம்? இல்லை. மரணம் அருகில் நிற்கும்போது ஒருவர் கை நடுங்காமல் இருப்பதைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். அதில் கொஞ்சம் நேர்மையும் கொஞ்சம் நடிப்பும் உண்டு.

பார்ப்பவர் எப்போதும் வெளியே இருப்பதில்லை. 1955ல் லெ மான்ஸில் கூட்டத்துக்குள் பாய்ந்த கார் 80க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. சுவிற்சர்லாந்து சர்க்கிட் பந்தயத்தையே தடைசெய்தது. நமக்கு அது தூரத்துச் செய்தியாக இருந்திருக்கலாம், 2024 ஏப்ரல் 21 வரைக்கும். அன்று தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தில் பாதை விலகிய கார் கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். வருடக் கணக்கில் நின்றுபோயிருந்து மீண்டும் நடந்த பந்தயம் அது. ஊர்க் கூட்டம் குடும்பத்தோடு போயிருந்தது. ஃபோர்முலா வன்னில் வேலி, சரளைப் படுகை, ஓரத்தில் மருத்துவர் என்று கட்டிய பாதுகாப்புக்குப் பின்னால் எழுபது வருடத்துப் பணமும் சாவும் இருக்கின்றன. மோகத்தை மட்டும் இறக்குமதி செய்தால் அந்த வேலி கூடவே வருவதில்லை.

கைட்டின் ஆபத்து பெரும்பாலும் ஓட்டுபவரோடு நின்றுவிடும். நூல் சிக்கினால் அவர்தான் இழுபடுவார். இடுப்புப் பட்டிக்கு முன்னாலிருக்கும் விடுவிப்பை அழுத்தினால் கைட் சக்தியிழந்து விழும். முதல் நாள் பாடமே அந்த அழுத்தல்தான். காற்றில் ஏறும் முன் விடுவதைக் கற்கிறார்கள். மற்றபடி கரையில் நூலுக்குக் குறுக்கே நடப்பவர் கவனமாக இருந்தால் போதும்.

ஆக, என் தீர்ப்பு ஒரு பக்கம் சாய்ந்ததுதான். ஓட வேண்டுமென்றால் கைட். எந்தத் திரையும் எந்த எண்ணும் இல்லாமல், யாரும் பார்க்காவிட்டாலும் அது முழுமையானது. பார்க்க வேண்டுமென்றால் மோட்டார் பந்தயம். பார்ப்பவரின் ஊகமும் நினைவும் பக்கச்சார்பும் இல்லாவிட்டால் அது பெட்ரோல் எரியும் சத்தம் மட்டும். உச்ச மட்ட மோட்டார் பந்தயத்தின் ஈர்ப்பைக் காருக்குள் தேடுபவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள். அது பார்ப்பவர் மடியில் கிடக்கிறது.

2026ன் விதிமாற்றம் இந்த இரண்டையும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவருகிறது. காரின் குறைந்தபட்ச எடை 768 கிலோவாக இறங்குகிறது, சக்தியில் ஏறத்தாழப் பாதி மின்சாரத்திலிருந்து வரவேண்டும், முன் இறக்கையும் பின் இறக்கையும் நேர்பாதையில் திறந்து வளைவில் மூடிக்கொள்ளும். இத்தனை வருடமாகப் பெரும்பாலும் அமுக்கத்தைச் சுமந்துகொண்டே நேர்பாதையில் ஓடிய ஓட்டுநர் இப்போது ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை இறக்கையைத் தளர்த்தி இறுக்குகிறார். கல்பிட்டிப் பொடியன் கைப்பிடியைத் தள்ளி இழுக்கும் அதே வேலைதான். மின்கலத்தில் எவ்வளவு மிச்சம், எதிராளி தன்னுடையதை எங்கே செலவழிப்பார் என்ற கேள்வியும் டயரோடு சேர்ந்துகொள்கிறது. ஒளிந்திருப்பவை கூடுகின்றன. குழப்பம் என்று சலித்துக்கொள்ளும் பழைய ரசிகர்களை இப்போதே கேட்கலாம். எனக்குப் பயம் வேறு: ஊகிப்பதற்கு இடம் விடாமல் எல்லாவற்றையும் எண்ணாகத் திரையில் கொட்டிவிடுவார்களோ என்பதுதான்.